வாங்கியைக் கைவிடாதே, மச்சான்

உவர்மலை,
திருகோணமலை.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. ஒரு வாங்கியை (கலத்தில் செய்தியை வாங்குகிற புரதத்தை) அடைக்க இவ்வளவு காலம் பாடுபட்டுச் செய்த மருந்து மூலக்கூறு எலியின் ஈரலைக் கெடுத்துப்போட்டுது, இனி சுவாசப்பை தழும்பேறி இறுகுகிற இந்த பைப்ரோசிஸ் நோயின் பக்கமே போகமாட்டன் என்று எழுதியிருக்கிறாய். வாசித்ததிலிருந்து மனம் சரியில்லை.

அதே நோய் வந்த அப்பா உவர்மலை ஏற்றத்தில் இப்ப நின்று நின்றுதான் ஏறுகிறார். விரல் நுனிகள் உருண்டு, நகங்கள் வளைந்துவிட்டன. முதுகில் காதை வைத்தால், மூச்சை இழுக்கும்போது வெல்க்ரோ பட்டியைப் பிரிக்கிற மாதிரி ஒரு சத்தம். நின்டெடானிப் குளிசை எடுக்கிறார். வயிற்றோட்டம் படுத்துது, என்றாலும் விடவில்லை.

புற்றுநோய்க்கென்று தொடங்கின மருந்துதானே அது. மூன்று வகை வளர்ச்சிக் காரணி வாங்கிகளையும் கலத்துக்குள்ளே, கலத்துக்குச் சக்தி கொடுக்கிற ஏ.ரி.பி. மூலக்கூறு பொருந்துகிற குழியில் இருந்து அடக்குது. 2014இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஒரு பரிசோதனையில், மருந்தில்லாத வெறுங்குளிசை எடுத்தவர்களுக்கு மூச்சுக் கொள்ளளவு வருசத்துக்கு ஏறத்தாழ 240 மில்லிலீற்றர் குறைய, இதை எடுத்தவர்களுக்கு 115 அளவில்தான் குறைந்தது. வந்த தழும்பு மாறாது. ஆனாலும் அந்த வித்தியாசம் எங்கள் வீட்டுக்குச் சின்ன விசயமில்லை.

எல்.பி.ஏ. என்கிற கொழுப்பு மூலக்கூறின் செய்தியை வாங்குகிற எல்.பி.ஏ.1 வாங்கியை யோசித்துப் பார். அது இல்லாத எலிகளுக்கு சுவாசப்பையைத் தழும்பாக்குகிற பிளியோமைசின் மருந்தைக் கொடுத்தும் சுவாசப்பை அவ்வளவாய் இறுகவில்லை என்று 2008இல் கண்டார்கள். பிறகு அந்த வாங்கியை அடைக்க வந்த பி.எம்.எஸ்-986020 என்ற மருந்து நோயாளிகளில் மூச்சுக் குறைவதை மெதுவாக்கியது. ஆனால் சிலருக்குப் பித்தப்பை அழற்சி வர, பரிசோதனையை இடையில் நிறுத்தினார்கள். அத்தோடு அந்த வாங்கியையே கைகழுவியிருக்கலாம். செய்யவில்லையே! காரணத்தைத் தேடிப் போனார்கள். ஈரலிலிருந்து பித்த அமிலத்தை வெளியே அனுப்புகிற கடத்திகளை அந்த மூலக்கூறு தடுத்திருக்கு, பிழை வாங்கியில் இல்லை என்று பிடித்தார்கள். அதே வாங்கியை அடைக்கிற அட்மில்பரன்ட் என்ற மருந்து வேறு கட்டமைப்போடு வந்து, மனிதப் பரிசோதனையின் மூன்றாம் கட்டம் வரை போனது.

உன்னுடையது ஏன் ஈரலைக் கெடுத்தது? வாங்கியை அடைத்ததாலா, வேறெதிலும் போய் ஒட்டினதாலா? கடிதத்தில் அதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. பித்தக் கடத்திகளில் சோதித்தீர்களா? அதே வாங்கியை அடைக்கிற, அமைப்பில் முற்றிலும் வேறான இன்னொரு மூலக்கூறைக் கொடுத்துப் பார்த்தீர்களா? அதுவும் ஈரலைக் கெடுத்தால் நீ விடுவதில் நியாயம் இருக்கு. அதற்கு முதல் விடாதே, மச்சான்.

மேலதிகாரியிடம் இதைக் கேட்டுப்போட்டு, என்ன சொன்னார் என்று எழுது. அப்பாவும் உன்னைச் சுகம் விசாரித்தார்.

அன்புடன்,
உன் கூட்டாளி