எடை குறைந்த பிறகும் துணை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடல் எடையைக் குறைக்கும் அறுவைச் சிகிச்சை பற்றித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். சிகிச்சைக்கு முன் எடுத்த படத்தையும் பின்பு எடுத்த படத்தையும் அருகருகே அச்சிட்டிருந்தீர்கள். அதைப் பார்த்துத் துணிவு பெறுகிறவர்கள் இருப்பார்கள். அந்த வகையில் அது நல்ல பணி. ஆனால் அந்த இரண்டு படங்களுக்கும் இடைப்பட்ட மாதங்களைப் பற்றி ஓரிரு வரிகளே இருந்தன. இரண்டாவது படத்துக்குப் பிறகு வரும் ஆண்டுகளைப் பற்றி ஒன்றுமே இல்லை. அதே சிகிச்சையைச் செய்துகொண்டு அந்த ஆண்டுகளில் வாழ்ந்துகொண்டிருப்பவள் என்பதால், விடுபட்ட பகுதியைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

இது யாரோ சிலருடைய கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வின்படி 2019-ஆம் ஆண்டில் மலேசியப் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ கொண்டிருந்தனர். 2023-இல் அது 54.4 விழுக்காடாக உயர்ந்தது. நீரிழிவு இந்தியர்களிடையேதான் மிக அதிகம் என்பதும் 2019 ஆய்வில் தெரியவந்தது. இச்சிகிச்சையைச் செய்யும் மருத்துவர்களின் அமெரிக்கச் சங்கமும் அனைத்துலகக் கூட்டமைப்பும் 2022-இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி, ஆசியர்களுக்கு, எடையை உயரத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் உடல் நிறைக் குறியீடு (பிஎம்ஐ) 27.5-ஐ எட்டினாலே இச்சிகிச்சையை வழங்கலாம் என்கிறது. ஆகவே இனி நம் குடும்பங்களில் இச்சிகிச்சைக்குப் போகிறவர்கள் கூடுவார்களே தவிரக் குறைய மாட்டார்கள்.

எனக்குச் செய்தது, இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு மேல் வெட்டி அகற்றிவிட்டு எஞ்சியதை ஒரு குழாயின் வடிவில் விட்டுவைக்கும் முறை. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் அகற்றப்படும் அந்தப் பகுதியில்தான் சுரக்கிறது என்பதால், முதல் சில மாதங்களுக்குப் பசியே மறந்துபோகும். எடைக் கருவியில் ஏறும்போதெல்லாம் எண் இறங்கியிருக்கும், பார்ப்பவர்களும் பாராட்டுவார்கள், ஊக்கத்துக்குக் குறைவே இருக்காது. ஓராண்டு, ஒன்றரை ஆண்டு சென்ற பிறகு பசி மெல்லத் திரும்புகிறது, உண்ணும் அளவும் கூடுகிறது, எடை நின்றுவிடுகிறது, சிலருக்கு ஏறவும் தொடங்குகிறது. மருத்துவரைப் பார்க்கும் தவணைகள் நீண்டுபோவதும், உறவினர்கள் விசாரிப்பதை விட்டுவிடுவதும் சரியாக அந்தச் சமயத்தில்தான். தையல் ஆறியதும் உடல் தேறிவிட்டது என்று நம் மக்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். துணை மிகுதியாகத் தேவைப்படும் காலமோ அதற்குப் பிறகுதான் வருகிறது. இக்கடிதத்தை நான் எழுதுவதே இதைச் சொல்வதற்காகத்தான்.

முதல் வாரங்களின் சிரமம் வேறு வகை. மருத்துவமனையில் தாதி என் கையில் கொடுத்தது இருமல் மருந்து அளக்கும் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் கிண்ணம். 30 மில்லிலிட்டர் கொள்ளும். அதிலுள்ள தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிடக் கூடாது. நாவை நனைப்பதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். அப்படியே நாள் முழுவதும் குடித்து ஒன்றரை லிட்டரை எட்ட வேண்டும் என்றால், விழித்திருக்கும் நேரமெல்லாம் அது ஒரு வேலையாகவே இருக்கும். அறுவை முடிந்த அன்றே எழுந்து நடக்கச் சொல்வார்கள். காலில் இரத்தம் உறையாமல் இருப்பதற்கு அந்த நடை மிகவும் முக்கியம். தெளிந்த நீராகாரத்தில் தொடங்கி, பால், வடிகட்டிய சூப், மசித்த உணவு, மென்மையான உணவு என்று படிப்படியாக ஏறி, ஏறத்தாழ 6 முதல் 8 வாரங்களில் வழக்கமான உணவுக்கு வரலாம். மருத்துவமனைக்கு மருத்துவமனை இந்த அட்டவணை சற்று மாறும். தமக்குக் கொடுக்கப்பட்டதையே ஒவ்வொருவரும் பின்பற்ற வேண்டும்.

எனக்குக் கிடைத்த உணவுத் தாளில் உருளைக்கிழங்கு மசியலும் கிரீம் சூப்பும் இருந்தன. ரசமோ மோரோ பருப்புத் தண்ணீரோ இல்லை. மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்த அந்தத் தாளால், எங்கள் வீட்டில் சமைக்கும் என் மாமியாருக்கு ஒரு பயனும் விளையவில்லை. அடுத்த தவணைக்கு அத்தையையும் உடன் அழைத்துச் சென்றேன். காரமில்லாத ரசத்தை வடிகட்டிக் கொடுக்கலாமா, பாசிப்பருப்பை எந்தப் பதத்துக்குக் குழைய விட வேண்டும், கானாங்கெளுத்தி மீனை ஆவியில் வேகவைத்து முள் நீக்கி மசித்துத் தரலாமா என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்க, உணவியல் நிபுணர் பொறுமையாகப் பதில் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் சமையலறையில் தடுமாற்றம் இல்லை. நோயாளியோடு வீட்டில் சமைப்பவரும் ஒரு முறையாவது போய் வருவது, எத்தனை கையேடுகளைப் படித்தாலும் கிடைக்காத பலனைத் தரும் என்பது என் உறுதியான கருத்து.

உணவைப் பொறுத்தவரை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது புரதச்சத்து. பொதுவாக நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் வேண்டும் என்பார்கள். அது கிடைக்காவிட்டால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரைந்து, எடை குறைந்தாலும் உடம்பில் தெம்பு இராது. ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம். சமைத்த மீன் அல்லது கோழி இறைச்சி 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் கிடைக்கும். தட்டு நிறையச் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றி, ஓரத்தில் ஒரு துண்டு மீன் வைத்துக்கொள்ளும் நம் வழக்கம் இங்கே பொருந்தாது. சில வாய்களிலேயே நிறைந்துவிடும் இரைப்பையில் முதலில் மீனோ முட்டையோ பருப்போ போக வேண்டும், அடுத்துக் காய்கறி, இடம் மிஞ்சினால் சோறு. புரட்டாசி மாதத்திலும் தைப்பூச விரதக் காலத்திலும் அசைவத்தை விடுகிறவர்கள் இதை முன்கூட்டியே திட்டமிட வேண்டும். கெட்டியாக வெந்த பருப்பிலும் 100 கிராமுக்கு 7 முதல் 9 கிராம் புரதமே இருப்பதால், தயிர், பன்னீர், டோஃபு, தெம்பே ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டால்தான் கணக்கு நிறையும். தண்ணீர்கூட அருந்தாமல் நாள் முழுவதும் இருக்கும் விரதத்தை மருத்துவரைக் கேட்காமல் மேற்கொள்ளவே கூடாது. முருகனுக்கு நம் பக்தி தெரியும். உடம்பை வருத்தி அதை மெய்ப்பிக்க வேண்டியதில்லை.

இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டியிருக்கிறது. ரொட்டி சானாயும் தே தாரிக்குமாகப் பசியாறுவது இந்தப் பினாங்கில் நம் இரத்தத்தில் ஊறியது. உணவோடு சேர்த்து எதையும் குடிக்கக் கூடாது, உண்டு முடித்து அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும் என்ற விதி, கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றினாலும், கோப்பிக் கடையில் நான்கு பேரோடு உட்கார்ந்திருக்கும்போது கடினமாகத்தான் இருக்கிறது. தேநீரில் நனைந்து இறங்கும் முறுக்கும் பிஸ்கட்டும் வயிற்றை நிரப்பாமல் எடையை மட்டும் கூட்டும். இரண்டாம் ஆண்டில் எடை திரும்புகிறவர்களில் பலருக்கு வழி அதுதான். கெட்டிப்பால், கேசரி, லட்டு போன்றவை வேறொரு தொல்லையும் தரும். சர்க்கரை விரைந்து குடலுக்குள் இறங்கும்போது, சற்று நேரத்திலேயே படபடப்பும் வியர்வையும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை தாழ்ந்து தலைசுற்றல் வருவதும் உண்டு. குடலை மாற்றி இணைக்கும் பைபாஸ் முறை செய்துகொண்டவர்களுக்கு இது அதிகம்.

சில அறிகுறிகளை வீட்டில் உள்ள அனைவரும் அறிந்திருக்க வேண்டும். முதல் வாரங்களில் காய்ச்சல், ஓய்வாக இருக்கும்போதும் வேகமாகத் துடிக்கும் நெஞ்சு, தணியாத வயிற்று வலி, மூச்சுத் திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் பொழுது விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நாள்கணக்கில் தொடரும் வாந்தியை வாயு என்று சொல்லி ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்பதும் ஆபத்து. வைட்டமின் பி1 தீர்ந்து நரம்புகள் பாதிக்கப்படலாம். முட்டி வலி என்று பக்கத்துக் கிளினிக்கில் டைக்ளோஃபெனாக், மெஃபனமிக் அமிலம் போன்ற மாத்திரைகளை வாங்கிப் போட்டுக்கொள்வது நம்மிடையே சாதாரணம். பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு இவை குடல் இணைப்பில் புண்ணை உண்டாக்கக்கூடியவை. எந்த மருத்துவரைப் பார்த்தாலும், தமக்கு இன்ன சிகிச்சை நடந்திருக்கிறது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாம் மாத வாக்கில் முடி கொட்டத் தொடங்கும். தலை வாரும்போது சீப்பில் கொத்தாக வருவதைக் கண்டு அழாத பெண் இருக்க மாட்டாள். விரைவாக எடை இறங்குவதால் வருகிற இது பெரும்பாலும் தற்காலிகமானது. புரதமும் இரும்புச்சத்தும் சரியாக இருந்தால் சில மாதங்களில் மீண்டும் வளரும். அதே காலத்தில், ஒழுங்காக உண்டு நடந்தும் வாரக்கணக்கில் எடை அசையாமல் நிற்கும் நாள்களும் வரும். மனம் உடைவது அப்போதுதான். அந்த நேரம் பார்த்து யாராவது ஒருவர் மெலிவுக் கோப்பி, மூலிகை மாத்திரை என்று எதையாவது நீட்டுவார். 2010-இலேயே பல நாடுகளில் விற்பனையிலிருந்து நீக்கப்பட்ட சிபுட்ராமின் என்னும் மருந்து இத்தகைய பொருள்களில் கலந்திருப்பதாக நம் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. தயவுசெய்து அவற்றைத் தொடாதீர்கள்.

எனக்கு அந்த நாள்களில் கைகொடுத்தது, எடைக் கருவியை வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் பார்க்காமல் வேறு அளவுகோல்களைப் பிடித்துக்கொண்டதுதான். தண்ணீர்மலை முருகன் கோயிலின் 500-க்கும் மேற்பட்ட படிகளில் எத்தனையாவது படியில் முதன்முதலாக நின்று மூச்சு வாங்குகிறேன் என்று கவனித்து வந்தேன். எடை அசையாத வாரங்களிலும் அந்த இடம் மேலே ஏறிக்கொண்டே போனது. பக்கத்திலுள்ள தாவரவியல் பூங்காவில் காலையில் நடக்கும் பெண்களோடு சேர்ந்துகொண்டதும் பெரிய உதவி. வராத நாளில் தொலைபேசியில் அழைத்துக் கேட்க ஒருவர் இருக்கிறார் என்பது, நம்மை நாமே உந்திக்கொள்வதைவிட வலிமையானது. மருத்துவர் அனுமதித்த பிறகு தசைக்கு வலுவூட்டும் பயிற்சிகளையும் சேர்த்துக்கொள்வது நல்லது. கனமான பொருள்களைத் தூக்குவதற்கு முதல் சில வாரங்கள் தடை உண்டு.

இத்தனையையும்விட என்னை வாட்டியது மனிதர்களின் பேச்சு. “என்னம்மா இப்படி இளைச்சுப் போயிட்ட, ஏதும் சீக்கா?” என்று திருமண மண்டபத்தில் எல்லார் காதிலும் விழும்படி கேட்பார்கள். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில், வேண்டாம் என்று கையால் மறைத்த தட்டிலும் ஒரு கரண்டி பிரியாணியை வைத்துவிட்டு, “ஒரு நாள்தானே” என்பார்கள். உணவைக் கட்டுப்படுத்தத் தெரியாமல் குறுக்கு வழியில் போனவள் என்று முதுகுக்குப் பின்னால் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். பசியும் நிறைவும் ஹார்மோன்களால் ஆளப்படுவதையும், பருமன் ஒரு நோய் என்பதையும் மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டிருக்கும்போது, நாம் இன்னும் அதை ஒழுக்கக் குறைவாகவே பார்க்கிறோம். இத்தகைய பேச்சுக்கு அஞ்சியே பலர் தாம் சிகிச்சை செய்துகொண்டதை மறைக்கிறார்கள். மறைப்பதனால் விருந்தில் மறுக்கவும் முடியாமல், சோர்வு வந்தால் சொல்லவும் ஆளில்லாமல் தவிக்கிறார்கள். விருந்தினர் வேண்டாம் என்றால் ஒரு முறை கேட்டதோடு நிறுத்திக்கொள்வதும் விருந்தோம்பல்தான்.

ஆண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இச்சிகிச்சைக்குப் பிறகு மது இரத்தத்தில் மிக விரைவாக ஏறும். உணவில் கிடைத்த ஆறுதலைக் குடியில் தேடி அதற்கு அடிமையாகிறவர்களும் உண்டு. குழந்தை பெற விரும்பும் பெண்கள் 12 முதல் 18 மாதங்களாவது தள்ளிப்போடுமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவை வாழ்நாள் முழுவதும் தேவை. இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட்டு உட்கொள்ள வேண்டும். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று மாத்திரைகளை நிறுத்திவிடுகிறவர்களுக்குக் குறைபாடு தெரியவர ஆண்டுகள் ஆகலாம். ஆண்டுக்கு ஒரு முறையாவது இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதையும், எடை ஏறினால் வெட்கப்பட்டு ஒளியாமல் அதே மருத்துவக் குழுவிடம் திரும்பிச் செல்வதையும் விட்டுவிடக் கூடாது. மீண்டும் ஏறும் எடைக்கும் மருத்துவம் உண்டு.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. முதலாவது, தங்கள் ஞாயிறு பதிப்பில் மாதம் ஒரு முறையாவது, தமிழ் அறிந்த உணவியல் நிபுணர்களைக் கொண்டு நம் சமையலறைப் பொருள்களை வைத்தே இச்சிகிச்சைக்குப் பிந்தைய உணவு பற்றி எழுதச் செய்யுங்கள். அடுத்தது, இனி இத்தகைய படங்களை வெளியிடும்போது, சிகிச்சை முடிந்து ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு கடந்தவர்களையும் தேடிப் பேட்டி காணுங்கள். எடை ஓரளவு திரும்பியவர்களையும் விட்டுவிடாதீர்கள். உணவுக் கட்டுரைகளில் முதலாவது புரட்டாசி பிறப்பதற்கு முன்பே வெளிவந்தால், சைவ மாதத்தில் என்ன சமைப்பது என்று திகைக்கும் வீடுகளுக்கு உடனடியாகப் பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு