பெரிய கோயில் ஓவியங்களை எப்போது காட்டுவீர்கள்? தொல்லியல் துறைக்கு ஒரு திறந்த மடல்

இந்தியத் தொல்லியல் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வருகிறவர்களை நிறுத்தி இங்கே என்ன விசேஷம் என்று கேட்டுப் பாருங்கள். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பார்கள், அதையும் சாயங்கால வெயிலுக்கு அந்த நிழலிலேயே உட்கார்ந்துகொண்டு சொல்வார்கள். அப்புறம் விமானத்தின் வடபக்கம் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர் உருவம் இருக்கிறதே, அதைக் காட்டி, இவர்கள் வருவார்கள் என்று ராஜராஜனுக்கு அப்போதே தெரியும் என்று யாராவது அடித்துவிடுவார். 1620இல் ரகுநாத நாயக்கர் டென்மார்க்காரர்களோடு ஒப்பந்தம் போட்டுத் தரங்கம்பாடியில் இடம் கொடுத்தார். அந்த உருவம் நாயக்கர் காலத்திலோ அதற்குப் பிந்திய திருப்பணியிலோ சேர்ந்திருக்கலாம் என்ற கருத்து உண்டு. கட்டுக்கதையைவிட இதுதான் சுவாரசியம். யார் சொல்வது?

கதை விடுகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். உண்மையான அதிசயம் பூட்டிய கதவுக்குப் பின்னால் அல்லவா இருக்கிறது!

கருவறையைச் சுற்றி இரண்டு சுவர்களுக்கு நடுவில் ஓடும் இருட்டுப் பாதையில், நாயக்கர் கால ஓவியம் உதிர்ந்த இடத்தில் அடியில் வேறொரு ஓவியம் தெரிகிறது என்று 1931இல் கண்டு சொன்னவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய சோழர் கை. பிறகு உங்கள் துறை வேதியியலாளர்கள் மேல் அடுக்கைச் சேதமில்லாமல் உரித்தெடுத்துத் தனியாகப் பொருத்தி, அடியில் இருந்ததையும் காப்பாற்றினார்கள். சாதாரண வேலை இல்லை அது, மனதாரப் பாராட்டுகிறேன். நாயக்கர்களைத் திட்டுகிறவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. மங்கிய சுவரில் புதுச் சாந்து பூசிப் படம் எழுதுவது அவர்களுக்குத் திருப்பணி, அவ்வளவுதான்.

சுந்தரர் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். கீழே கல்யாண வீடு, சமையல் நடக்கிறது, நடுவில் கிழவர் வேடத்தில் சிவன் ஒரு கையில் குடையும் மறுகையில் ஓலையுமாக வந்து நின்று மாப்பிள்ளை சுந்தரர் எனக்கு அடிமை என்கிறார், சுற்றி நிற்கிறவர்கள் முகத்தில் திகைப்பு. இன்னொரு பக்கம் சுந்தரர் வெள்ளை யானையிலும் அவர் நண்பரான சேர மன்னர் சேரமான் பெருமாள் குதிரையிலும் கயிலைக்குப் போகிறார்கள். சேக்கிழார் பெரியபுராணம் பாடுவதற்கு நூறு ஆண்டுக்கு மேல் முன்னால் எழுதிய படம் இது! அந்தப் பக்கம் திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவன், எட்டுக் கையோடு, தேரில், பிரம்மா சாரதி. அந்தக் கண்களை அச்சுப் படத்தில் பார்த்தாலே போதும், உதறல் எடுக்கும்.

பாதையைத் திறந்துவிடுங்கள் என்று கேட்கவில்லை. குறுகலான இடம், மூச்சுக்காற்றின் ஈரம் பட்டாலே ஓவியம் கெடும், நம் ஜனங்கள் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார்கள், பெயரும் எழுதிவைப்பார்கள். சரி, பூட்டியே இருக்கட்டும். ஆனால் அசல் அளவிலேயே நகல் எடுத்துத் திருச்சுற்று மாளிகையில் நல்ல வெளிச்சத்தில் வைக்க என்ன தடை? உரித்தெடுத்த நாயக்கர் ஓவியங்களையும் பக்கத்திலேயே வையுங்கள், ஒரே சுவரில் இரண்டு காலம் இருந்ததை ஜனங்கள் பார்க்கட்டும். மேல்தளத்தில் கரணங்கள் என்கிற 108 நடன நிலைகளில் 81 மட்டும் செதுக்கி, மீதிக் கற்களை வெறுமனே விட்டிருக்கிறார்களே, அந்த வெறுங்கல்லின் படத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏன் நிறுத்தினார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்கட்டும்.

அந்தத் தொப்பிக்காரருக்கும் கீழே ஒரு பலகை வேண்டும். தமிழ் முதலில் இருக்கட்டும், எழுத்துப்பிழை இல்லாமல்.

இப்படிக்கு,
பெரிய கோயிலுக்கு அடிக்கடி வருகிற ஒருவன்