கோடிங் தெரியுமா என்று கை தூக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்த முதல் நாளே எங்கள் வகுப்பில் கேட்டார்கள், "யாருக்கெல்லாம் கோடிங் தெரியும்?" பாதிப் பேர் கை தூக்கினார்கள். அதுவரை ஒரு வரி புரோகிராம்கூட எழுதியிராத நான் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். சரி, தெரியாதவர்களுக்காகத்தான் கேட்கிறார்கள்போல என்று நினைத்தால், அன்றிலிருந்து பாடம் ஓடியதெல்லாம் கை தூக்கியவர்களின் வேகத்தில்தான்.

இரண்டாவது வகுப்பில் பலகையில் எக்ஸ் = எக்ஸ் + 1 என்று எழுதினார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்குப் போட்டவர்களுக்கு இது தப்பாகத்தானே தெரியும், இரண்டு பக்கமும் எக்ஸை அடித்துவிட்டால் 0 = 1 என்று வருகிறதே! இது சமன்பாடு இல்லை, வலது பக்கம் இருப்பதைக் கணக்கிட்டு மறுபடியும் எக்ஸிலேயே போட்டு வை என்கிற கட்டளை என்று யாராவது அரை நிமிடம் சொல்லியிருந்தால் போதும். நானும் கேட்கவில்லை. பக்கத்தில் இருப்பவன் லேப் வேலையைப் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதையெல்லாம் எப்படி வாய்விட்டுக் கேட்பது? இன்னொரு நாள், வரி முடிவில் போட வேண்டிய செமிகோலன் (;) விட்டுப்போனது ஏழாவது வரியில், நாம் எழுதியதைக் கணினிக்கு மொழிபெயர்த்துப் பிழை சொல்லும் கம்பைலர் கைகாட்டியதோ எட்டாவது வரியை. நான் ஒரு மணி நேரம் எட்டாவது வரியையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

வேடிக்கை என்னவென்றால், இரண்டாம் ஆண்டில் டேட்டா ஸ்ட்ரக்சர், டிஸ்கிரீட் மேத்ஸ் என்று எல்லாருக்கும் புதிதான பாடங்கள் வந்ததும் அந்தப் பத்து நிமிடக்காரர்களும் என்னைப் போலவே விழித்தார்கள். முன்பே பழகியிருந்ததைத்தான் எல்லாரும் திறமை என்று நம்பியிருக்கிறோம். ஆனால் அதற்குள் மூன்று பேர் துறை மாறிப் போய்விட்டார்கள்.

அமெரிக்காவின் ஹார்வி மட் கல்லூரியில் 2006-ல் இந்த முதல் பாடத்தை மாற்றியமைத்தபோது, ஏற்கெனவே எழுதிப் பழகியவர்களைத் தனி வகுப்பாகப் பிரித்தார்கள், ஜாவா என்ற புரோகிராமிங் மொழியை விட்டு, அதைவிட எளிதான பைத்தானுக்கு வந்தார்கள். அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் துறையில் அதுவரை சுமார் 10 சதவீதமாக இருந்த மாணவிகளின் பங்கு சில ஆண்டுகளில் 40 சதவீதத்தைத் தொட்டது (வேறு மாற்றங்களும் செய்தார்கள்தான்).

எல்லா இடத்திலும் இரண்டு வகுப்பு நடத்த ஆள் இருக்காது, புரிகிறது. முதல் மாதம் லேப் நேரத்தையாவது பிரிக்கலாமே. அப்புறம், அந்தக் கேள்வியைக் கேட்டே தீருவது என்றால், கை தூக்கச் சொல்லாமல் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி