சேவியருக்கு, மூழ்கிப்போன சங்கிலி பற்றி

பாளையங்கோட்டை
ஞாயிற்றுக்கிழமை, இரவு 11 மணி

அன்புள்ள சேவியர்,

உன் கடிதம் வந்து ஏழு மாதம் ஆகிறது. திட்டாதே. கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. மகள் பேத்தியுடன் வந்து போனாள். சர்க்கரை 210-ல் நிற்கிறது. உன் வீட்டில் எல்லோரும் சுகம் என்று தவளை சொன்னான். அவன் வாயைத் திறந்தால் இன்னும் அதே பொய்தான், ஆனாலும் இதை நம்புகிறேன். விசாரிப்பு இத்துடன் முடிந்தது.

போனில் பேசியிருக்கலாம். பேசினால் நீ பாதியிலேயே "சரி, விடு" என்பாய். அந்தச் சொல்தான் ஒரு மாதமாக என்னைப் போட்டு வாட்டுகிறது.

1986-ல் வட்டிக்கடை வாசலில் என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாயே, நினைவிருக்கிறதா? வீடியோ கேசட் கடை வைத்து நாம் கோடீஸ்வரர்கள் ஆகவிருந்த வருடம். உள்ளே நான் அடகு வைத்தது அம்மாவின் சங்கிலி, அம்மாவே எடுத்துக் கொடுத்தது என்று உன்னிடம் சொன்னேன். பொய். அது அக்காவின் கல்யாணத்துக்கென்று செய்து பீரோவில் வைத்திருந்த ஆறு பவுன். கடை படுத்தது, சங்கிலி மூழ்கியது, அக்கா கவரிங் சங்கிலியோடு கோயிலுக்குள் நடந்தாள். அதற்காக அவள் மாமியார் வீட்டில் எத்தனை வருடம் பேச்சு வாங்கினாள் என்பது உனக்கே தெரியும்.

உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் நெல் அவித்துத் தருவாளே பொன்னுத்தாய், நீ வந்தால் மடியிலிருந்து பனங்கிழங்கு எடுத்துத் தருவாளே, அவள் திடீரென்று ஏன் வரவில்லை என்று ஒருமுறை கேட்டாய். மகள் ஊருக்குப் போய்விட்டாள் என்றேன். அதுவும் பொய். சங்கிலியைக் காணவில்லை என்றதும் அம்மா அவளைத்தான் நிறுத்தினாள். முற்றத்தில் நின்று "நான் எடுக்கவில்லை, அம்மா" என்று அவள் சொன்னபோது நான் திண்ணையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். கிரிக்கெட் பக்கம். அவள் சொன்னது ஒவ்வொரு எழுத்தாகக் காதில் விழுந்தது. தாளைத் திருப்பினேன்.

2013-ல் அம்மா போனாள், பொன்னுத்தாய் திருடி என்று நம்பியபடியே. அந்த அடக்க ஆராதனைக்குப் பிறகு, அப்பமும் ரசமும் தரும் திருவிருந்துக்கு நான் எழுந்து போனதில்லை. வரிசை நகரும்போது முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சபையில் என் பெயரே முழங்கால்வலி ஐயா. பாடகர் குழுவில் ஒரு பெண் தைலம்கூட வாங்கிக் கொடுத்தாள்.

போன மாதம் அக்கா ஊரில் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை, அசன விருந்து. பணி ஓய்வில் வந்த பணத்திலிருந்து ஆறு பவுனுக்கு இன்றைய விலை போட்டு, செய்கூலியும் சேர்த்து, காசோலை எழுதி எடுத்துக்கொண்டு போனேன். வங்கிக்காரன் புத்தி அல்லவா, பைசா வரை கணக்கு. பந்தி முடிந்து எல்லோரும் தூக்குவாளியோடு கிளம்பிய பிறகு, கொல்லைப்புறத்தில் வைத்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள், அல்லது அறைவாள் என்று நினைத்திருந்தேன். இரண்டுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன்.

"தெரியும் தம்பி. உன் சட்டையைத் துவைக்கும்போது அடகுச் சீட்டு இருந்தது. அதை நான் அன்றைக்கே விட்டுவிட்டேன்" என்றாள். காசோலையை நான்காக மடித்து என் பையிலேயே திணித்தாள். "கறி இன்னும் இருக்கிறது, பிள்ளைகளுக்குக் கொண்டுபோகிறாயா?"

எனக்கு வந்தது கோபம், சேவியர். ஆமாம், கோபம்! முப்பத்தைந்து வருடத்துக்கும் மேலாக நான் சுமந்ததை, நான் இறக்கி வைக்கும் முன்பே அவள் எப்போதோ இறக்கிவிட்டாள் என்றால், நான் எதைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன்? என்னைக் கேட்காமல் என்னை மன்னிக்க இவள் யார்? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் முணுமுணுத்தேன். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

எங்கள் பாஸ்டரையாவிடம் போனேன். (கத்தோலிக்கர் உங்களுக்கு வசதி, கூண்டில் முழங்காலிட்டு மெல்லச் சொன்னால் போதும். எங்களுக்கு பாஸ்டரையா வீட்டு வரவேற்பறை, டீ, முறுக்கு, சுவரில் பேராயர் படம்.) சின்னப் பையன், என் மகன் வயது. முழுவதும் கேட்டுவிட்டு, பின்னாளில் பிரிந்துபோன உங்கள் பக்கத்து மனிதர் ஒருவரைப் பற்றிச் சொன்னார்: 1505-ல் எர்ஃபுர்ட் நகரத்து அகஸ்தீனியார் மடத்தில் சேர்ந்த இளைஞர் மார்ட்டின் லூதர். குருவிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு உட்கார்ந்தால் சில நாள் ஆறு மணி நேரம். ஒன்றையும் விட்டுவிடக் கூடாது என்ற பயம். கேட்டுக் கேட்டு அலுத்த குரு ஒருநாள், கடவுள் உன்மேல் கோபமாக இல்லை, நீதான் அவர்மேல் கோபமாக இருக்கிறாய் என்றாராம். எனக்கு முறுக்கு தொண்டையில் நின்றுவிட்டது.

பிறகு கிரேக்கம். புதிய ஏற்பாட்டில் மன்னிப்பதற்கு வரும் வினைச்சொல் அஃபியேமி; அதற்கு விடுதல், போகவிடுதல் என்றே பொருளாம். உங்கள் இராயப்பர், அதாவது எங்கள் பேதுரு, வலைகளை விட்டு எழுந்து போனார் என்று மத்தேயு எழுதும் இடத்திலும் அதே சொல்தான். வேதபாடசாலையில் காலெடுத்து வைக்காத அக்கா சரியாக மொழிபெயர்த்திருக்கிறாள்.

இராயப்பர் என்றதும் நீ நிமிர்ந்து உட்காருவாய். உட்கார். கெட்ட குமாரன் கதையை நான் எடுக்கப்போவதில்லை, அதை நாம் போதும் போதும் என்ற அளவுக்குக் கேட்டாகிவிட்டது. யோவான் 18-ஐயும் 21-ஐயும் அடுத்தடுத்து வாசித்துப் பார். அந்தச் சுவிசேஷத்தில் கரிநெருப்பு இரண்டே இடத்தில்தான் வருகிறது. முதலாவது, பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில். அதில் குளிர்காய்ந்துகொண்டுதான், நீ இயேசுவின் சீஷனா என்று கேட்டதற்குப் பேதுரு "நான் அல்ல" என்றார். இரண்டாவது, திபேரியாக் கடற்கரையில். மேலே மீன், பக்கத்தில் அப்பம். அந்தப் புகை மூக்கில் ஏறியபோது அவர் வயிறு எப்படிக் கலங்கியிருக்கும்! அங்கே பேதுருவை எதுவும் கேட்கும் முன்பே ஆண்டவர் சொல்வது, "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்." சாப்பிட்டு முடிந்த பிறகுதான் கேள்வி. அந்தக் கேள்வியிலும் ஏன் மறுதலித்தாய் என்பது இல்லை. நீ என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா, அவ்வளவுதான். மூன்றாம் முறை கேட்டபோது பேதுரு துக்கப்பட்டார் என்று யோவான் எழுதுகிறார். பட்டிருப்பார். சாப்பாடு போட்டுவிட்டு அப்படிக் கேட்டால் யாருக்குத்தான் வலிக்காது?

ஹாஸ்டல் மொட்டை மாடியில், மனிதனை மீட்பது விசுவாசமா நற்கிரியையா என்று விடிய விடியச் சண்டை போட்டோமே, வார்டன் டார்ச் அடித்து விரட்டும்வரை. 1999-ல் ஆக்ஸ்பர்க்கில் உங்களவர்களும் லூத்தரன்காரர்களும் கிருபைதான் முதல் என்று சேர்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நீ எனக்குத் தரவேண்டிய பரோட்டா இன்னும் நிலுவையில் இருக்கிறது.

விளையாட்டு போதும். ஒன்று மட்டும் எனக்குச் செரிக்கவே இல்லை. தன் சங்கிலியை அக்கா விடலாம். பொன்னுத்தாயின் பெயர் கெட்டதை யார் விடுவது? கடவுளே மன்னித்தாலும், அந்த முற்றத்தில் நின்றவளைத் தாண்டி அவர் எப்படி மன்னிப்பார்? இதையும் பாஸ்டரையாவிடம் கேட்டேன். அவருக்குப் பதில் வரவில்லை, ஜெபம் பண்ணினார். அதற்காக அவர்மேல் மதிப்பு கூடியது.

வியாழக்கிழமை அக்காவைக் கூப்பிட்டேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள். அன்று அவளும் வாயைத் திறக்கவில்லை. தம்பியைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. கல்யாணமான மறுவருடம் பொன்னுத்தாயைத் தேடிப் போய் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். அதன்பின் பொன்னுத்தாய் சாகும்வரை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சேலை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். மாமியாருக்குத் தெரியாமல், முட்டை விற்ற காசில். என் கடனை, சேவியர். நான் பென்ஷன் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில்.

"நீ போய்ச் சொன்னபோது பொன்னுத்தாய் என்ன சொன்னாள்?" என்று கேட்டேன்.

"ஒன்றும் சொல்லவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தாள். குடித்தேன்."

இன்று காலை திருவிருந்துக்கு எழுந்து போனேன். முழங்கால் உண்மையிலேயே வலித்தது, என்ன செய்ய, நடித்து நடித்து வந்துவிட்டது. மரக்கிராதியைப் பிடித்து முழங்காலிட்டு இரண்டு கையையும் நீட்டினேன். கொடுக்க ஒன்றும் இல்லாமல் கை நீட்டுவது எவ்வளவு கூச்சமான வேலை என்று தெரியுமா? பாஸ்டரையா என் முன்னால் ஒரு கணம் அதிகமாக நின்றதுபோலத் தோன்றியது. என் கற்பனையாகவும் இருக்கலாம். அப்பத்தை வாங்கிக்கொண்டேன். தைலம் கொடுத்த பெண் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

இனி உன்னிடம் வேலை. வரி வசூலித்த சகேயுவின் வீட்டுக்குள் ஆண்டவர் முதலில் போனார். நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று அவன் சொன்னது அதற்குப் பிறகுதான். அதனால் இதை மன்னிப்புக்குக் கட்டும் தவணை என்று நீ கேலி செய்ய முடியாது. பொன்னுத்தாயின் மகள் உங்கள் ஊர் உப்பளத்தில் வேலை பார்த்ததாக அக்கா சொல்கிறாள். இப்போது ஐம்பதைத் தாண்டியிருப்பாள். உனக்கு அங்கே ஆள் பழக்கம் உண்டு, விசாரி. அவளிடம் அவள் அம்மா திருடவில்லை என்று, எடுத்தவன் வாயாலேயே சொல்ல வேண்டும். அவள் கதவைச் சாத்தினால் சாத்தட்டும். காசோலையை மடிப்பு நீக்கி வைத்திருக்கிறேன். அதை எப்போது, எப்படிக் கொடுப்பது, கொடுப்பதே சரியா என்று நீதான் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். மக்ரூன் வாங்கி வைக்காதே, 210 என்று மேலே எழுதியிருக்கிறேன். இந்த முறை வாசலில் நிற்காதே, கூடவே உள்ளே வா.

உன்,
முழங்கால்வலி