மூக்கையும் நுரையீரலையும் சேர்த்தே ஆராய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆஸ்துமாவுக்கு ஒரு மருத்துவர், தீராத சைனஸ் தொல்லைக்கு இன்னொருவர் என்று நோயாளிகள் அலைய நேர்ந்தாலும், பலருக்கு இவ்விரண்டும் ஒரே அழற்சியின் இரு முகங்கள்தாம் என்பதை ஆய்வுகள் தெளிவாக்கியுள்ளன. மூக்கில் சதை வளர்ந்தவர்களுக்கு, ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்களும் அவற்றைத் தூண்டும் இன்டர்லூக்கின் 5 போன்ற புரதங்களும் பெரும்பாலும் மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் ஒருசேரப் பெருகுகின்றன. எனவேதான், கடும் ஆஸ்துமாவுக்கென அமெரிக்காவில் 2015-இல் ஒப்புதல் பெற்ற, இன்டர்லூக்கின் 5-ஐத் தடுக்கும் மெபோலிசுமாப் என்ற ஊசி மருந்து, 2021-இல் மூக்குச் சதை வளர்ச்சிக்கும் ஏற்கப்பட்டது. டுபிலுமாப் என்ற இன்னொரு ஊசி மருந்து அதற்கு முன்பே, 2019-இல், அந்த ஒப்புதலைப் பெற்றுவிட்டது. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் சதை மீண்டும் மீண்டும் வளர்ந்து, சமையல் எரிவாயு கசிந்தாலும் உணர முடியாத நிலையில் இருப்பவருக்கு, இம்மருந்துகளால் வாசனை உணர்வு திரும்புவது பாதுகாப்பும்கூட.

எனினும், இம்மருந்துகளின் விலை மிக அதிகம். ஊசியை நிறுத்தினால் பலருக்கு நோய் திரும்புகிறது. ஈசினோஃபில் பெருக்கமில்லாத ஆஸ்துமாவுக்கோ வழிகள் குறைவு. யாருக்கு எந்த மருந்து பலன் தரும், எப்போது நிறுத்தலாம் என்பதை நேருக்கு நேர் ஒப்பிட்டுக் கண்டறியும் ஆய்வுகளில் மருந்து நிறுவனங்களுக்கு ஆதாயம் குறைவு என்பதால், அரசுகளே பொது நிதியிலிருந்து அவற்றை நடத்த வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்