நாளை ஜனவரி 30: பீட்டில்ஸின் மொட்டைமாடிக் கச்சேரி

நண்பர்களே, வணக்கம்.

1969-ல் இதே ஜனவரி 30 அன்றுதான் இங்கிலாந்தின் ராக் இசைக்குழுவான பீட்டில்ஸ் லண்டன் சவில் ரோ தெருவில், தங்களுடைய 'ஆப்பிள்' என்ற இசை நிறுவனக் கட்டடத்தின் மொட்டைமாடியில் நின்று வாசித்தார்கள். 1966-க்குப் பிறகு கச்சேரி மேடையே ஏறாதவர்கள். டிக்கெட் கிடையாது, முன்னறிவிப்பும் கிடையாது. மொத்தம் 42 நிமிடம். நால்வரும் சேர்ந்து வெளியில் வாசித்தது அதோடு சரி.

ஜனவரிக் குளிர் வேறு. ஜான் லெனன் தன் காதலி யோகோ ஓனோவின் உரோமக் கோட்டையும், ரிங்கோ ஸ்டார் தன் மனைவியின் சிவப்பு மழைக்கோட்டையும் போட்டுக்கொண்டு வாசித்தார்கள். காற்றுச் சத்தம் பதிவாகாமல் இருக்க மைக்குகளுக்குப் பெண்கள் அணியும் மெல்லிய காலுறைகளை வாங்கி வந்து மாட்டினார்கள். அப்புறம், அன்று நால்வரோடு சேர்ந்து வாசித்த அமெரிக்கக் கலைஞர் பில்லி பிரெஸ்டனின் எலெக்ட்ரிக் பியானோவைத் தனியாகக் காது கொடுத்துக் கேளுங்கள். என்னைக் கேட்டால், அன்றைய கச்சேரிக்கு உயிர் கொடுத்ததே அவர்தான்.

அக்கம்பக்கத்து அலுவலகங்களிலிருந்து புகார் போய், போலீஸ் மாடிக்கே வந்துவிட்டது. கடைசிப் பாட்டு 'கெட் பேக்', அன்று மூன்றாவது முறையாக. போலீஸ் வந்ததால் நடுவில் குழுவின் உதவியாளர் கிட்டார் ஆம்ப்ளிஃபயரை அணைத்தார். ஜார்ஜ் ஹாரிசன் திரும்பப் போட்டுவிட்டார்! பால் மெக்கார்ட்னி பாட்டின் வரிகளுக்கு நடுவிலேயே போலீஸைச் சீண்டினார்.

முழு ஒலிப்பதிவும் 2022-ல் வெளியாகி, பாட்டுச் செயலிகளில் இருக்கிறது. நாளை இரவு 9 மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்போம். கேட்டு முடித்ததும் உங்களுக்குப் பிடித்த இடத்தைக் குரல் பதிவாகப் போடுங்கள். அதுவரை ஃபார்வர்டு செய்திகள் வேண்டாம்.