பழைய டிராக்டரின் பின்சக்கரத்துக்குத் தீ வைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-க்கு முந்தைய வாரங்களில் டெல்டாப் பகுதிப் பட்டறைகளுக்கு வரும் டிராக்டர்களுள், இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் பழைய மாஸி பெர்குசன் வண்டிகளும் உண்டு. ஆக்சிலில் எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் வளையமான ஆயில் சீல் தேய்ந்து, எண்ணெய் கசிந்து பிரேக் ஷூவை நனைத்துவிட்டது என்பதே பல வண்டிகளின் குறை. சீலை மாற்றுவதைவிட அதற்காகப் பின்சக்கரத்தைக் கழற்றுவதே கடினம். பல ஆண்டுகள் கேஜ் வீல் எனும் இரும்புக் கூண்டுச் சக்கரம் பூட்டிச் சேற்றுழவு செய்த வண்டியில், எட்டு நட்டுகளைக் கழற்றிய பிறகும் சக்கரம் அசைவதில்லை. சக்கரத் தட்டின் நடுத்துளை ஆக்சில் முனையின் வட்ட விளிம்பில் இறுக்கமாக உட்கார்ந்திருப்பதால், இடையிலுள்ள மயிரிழை இடைவெளியில் துரு பருத்து இரண்டையும் கவ்விக்கொள்கிறது.

நாற்றங்கால் காத்திருக்கிறது என்ற அவசரத்தில் இந்த இடத்தில் கேஸ் கட்டரைப் பற்றவைக்கும் வழக்கத்தைப் பற்றியே எழுதுகிறேன். டயர் பூட்டியிருக்கும் சக்கரத்தைத் தீயால் சூடாக்கினால், உள்ளே காற்றழுத்தம் உயர்வதோடு, சூடேறிய ரப்பரிலிருந்து எரியக்கூடிய வாயுக்களும் வெளிப்பட்டு டயர் வெடிக்கக்கூடும். தீயை அணைத்துச் சற்று நேரம் கழிந்த பிறகும் அது நேரலாம். அருகில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து என்பது ஒருபுறமிருக்க, மாற்ற வந்த சீலோடு நல்ல நிலையிலுள்ள பேரிங்கின் கிரீஸும் அந்தச் சூட்டில் கெடும்.

இதற்குத் தீ தேவையே இல்லை. விளிம்பைச் சுற்றியுள்ள துருவைக் கம்பி பிரஷால் சுரண்டி, துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓரிரவு ஊறவிட வேண்டும். மறுநாள் நட்டுகளைக் கழற்றிவிடாமல் ஒரு சுற்று மட்டும் தளர்த்தி, சமதரையில் முதல் கியரில் சில அடி முன்னும் பின்னும் மெல்ல நகர்த்தினால், வண்டியின் எடையே பெரும்பாலும் துருவை உடைத்துவிடும். எடை கூட்டுவதற்காக டயரில் ஏற்றியிருக்கும் தண்ணீரும் அதற்கு உதவும் என்பதால் அதை முன்கூட்டியே வடித்துவிட வேண்டியதில்லை. பிடி விடவில்லையென்றால், வண்டியை உயர்த்தித் தாங்கு கொடுத்த பிறகு, நட்டுகள் போல்ட்டிலேயே இருக்க, தட்டின் உட்புறத்தில் கனமான மரக்கட்டையை வைத்துச் சம்மட்டியால் எதிரெதிர் இடங்களில் மாறி மாறி அடிக்கலாம். போல்ட் முனையிலோ ரிம் விளிம்பிலோ நேரடியாக அடிப்பது புதிய செலவுக்கே வழிவகுக்கும்.

தூக்கும் முறையில்தான் பலரும் அலட்சியம் காட்டுகின்றனர். இவ்வண்டிகளின் முன் ஆக்சில் நடுவில் ஒற்றை முளையில் ஊசலாடுவது. பின்பக்கம் ஒரு புறத்தை மட்டும் உயர்த்தும்போது வண்டி எளிதில் சாய்ந்துவிடும். எனவே முன் ஆக்சிலுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே இருபுறமும் மர ஆப்பு செருகி, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஆக்சில் கூட்டின் அடியில் கனத்த மரக்கட்டைகளை அடுக்கிய பிறகே ஆள் நெருங்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. 12.4-28 அளவு டயரில் முக்கால் பாகம் தண்ணீர் இருந்தால் அதுவே சுமார் 150 கிலோ எடை. சக்கரத்தைச் சுழற்றி வால்வைக் கீழே கொண்டுவந்து அதை வடித்துவிட்டால், இருவர் சேர்ந்து சக்கரத்தைப் பத்திரமாக வெளியே உருட்டலாம்.

திரும்பப் பூட்டும்போது துருவை முழுவதும் நீக்கி, அந்த வட்ட விளிம்பில் மெல்லிய கிரீஸ் பூச்சு கொடுத்தால் அடுத்த முறை இத்தனை பாடு இருக்காது. நட்டுகளை எதிரெதிராக முடுக்கி, சில மணி நேரம் ஓட்டியபின் மீண்டும் ஒருமுறை முடுக்க வேண்டும்.

வேளாண்மைப் பொறியியல் துறை அளிக்கும் இயந்திரப் பராமரிப்புப் பயிற்சிகளில், டயரோடு சக்கரத்தைச் சூடாக்கக் கூடாது என்ற எச்சரிக்கையையும், பழைய டிராக்டர்களைத் தூக்கித் தாங்கு கொடுக்கும் முறையையும் கட்டாயம் சேர்க்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மன்னார்குடி.